தூதர் கொடுத்த மரமுகம்

1991-ஆம் வருஷம் எங்கள் வீட்டில் ஆறு பேர் இருந்தோம். அப்பா, அம்மா, நான், என் தங்கை, அப்பாவின் தங்கையான அத்தை, அத்தையின் கணவரான மாமா. எத்தனை முறை எண்ணினாலும் ஆறுதான். இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அந்த வருஷம் என் அப்பா இந்தக் கணக்கைத் தப்பாகச் சொன்னார்.

அப்பா கணக்கில் தப்புகிற ஆள் இல்லை. பேருந்து நடத்துநர். காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத், ஒரகடம் வழியாகத் தாம்பரம் போகும் வண்டி அவருடையது. படிக்கட்டில் தொங்குகிறவர்களையும் மடியில் தூங்குகிற பிள்ளைகளையும் சேர்த்து ஒரே பார்வையில் எண்ணிவிடுவார். சீட்டு வாங்காதவன் எந்த வரிசையில் ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்ப்பதுபோல் உட்கார்ந்திருக்கிறான் என்பது திரும்பிப் பார்க்காமலே அவருக்குத் தெரியும். எண்ணும் பழக்கம் எனக்கு அவரிடமிருந்து வந்தது. சந்தேகமும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. எனக்கு இன்னும் ஐம்பது முடியவில்லை. ஆனாலும் வீட்டில் எனக்குக் கிழவர் என்று பெயர். பூட்டிய கதவை மறுபடி இழுத்துப் பார்ப்பேன். கொடியில் காயும் துணிகளை எண்ணி எடுப்பேன். கூரியர் பையன் கையெழுத்துக் கேட்டால் எதற்கென்று கேட்பேன். என் மகள் சிரிக்கிறாள். அவள் ஸ்ரீபெரும்புதூரை ஷிஃப்ட் பஸ்களும் தொழிற்சாலை வாசல்களும் உள்ள ஊராக மட்டுமே அறிந்தவள். அந்த வருஷத்து மே மாதம் அவளுக்குப் பாடப்புத்தகத்தில் ஒரு வரி.

எங்களுக்கு அது ஒரு வரியோடு முடியவில்லை. தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்து, நாடே அறிந்த தலைவர் ஒருவரும் இன்னும் பலரும் செத்துப்போன இடம், ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய பென்னலூரில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரம். கடலுக்கு அந்தப் பக்கமிருந்து வந்தவர்கள் செய்தது என்று பேசிக்கொண்டார்கள். அதன்பிறகு எங்கள் ஊரில் யாரும் யாரையும் சாதாரணமாகப் பார்க்கவில்லை. டீக்கடையில் புது ஆள் உட்கார்ந்தால் பேச்சு நின்றது. சாலையோரம் ஒரு பை கிடந்தால் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். மறந்துவைத்த சாப்பாட்டுத் தூக்கு ஒன்றுக்காக எங்கள் பள்ளிக்கூடத்தையே காலி செய்திருக்கிறார்கள். திறந்து பார்த்தால் புளிச்சோறு.

அந்த நாட்களில்தான் வீடு வீடாக வந்த கான்ஸ்டபிள் ஒருவர் எங்கள் வாசலிலும் சைக்கிளை நிறுத்தினார்.

"வூட்ல எத்தினி பேரு?"

"அஞ்சு பேர் சார்" என்றார் அப்பா.

நான் திடுக்கிட்டு நிமிர்ந்தேன். மாமா கொல்லையில் குளித்துக்கொண்டிருந்தார். அவரை விட்டுவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்து வாயைத் திறந்தேன். அப்பாவின் கை என் தோள்மேல் வந்து உட்கார்ந்தது. அந்தக் கையின் கனத்தில் வாய் தானாக மூடிக்கொண்டது. ஊரையே எண்ணுகிறவர் சொந்த வீட்டை எண்ணத் தவறினாரே என்று எனக்கு இரண்டு மூன்று நாள் ஆச்சரியம் அடங்கவில்லை.

மாமாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் இலங்கையின் மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய தாத்தா செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போனவராம். இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து பேசி, இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்று பிரித்துக்கொண்டபோது, மாமா இங்கே என்று ஆனார். கப்பலில் வந்து, முகாமில் கிடந்து, ரோடு போடும் கும்பலோடு ஒரகடம் வந்து, எங்கள் அத்தையைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார். பார்க்க எங்களைப் போலத்தான் இருப்பார். பேசினால்தான் கொஞ்சம் வேறு. ரொட்டியைப் பாண் என்பார். டீயைத் தேத்தண்ணி என்பார். "மருமகனே, ஒரு பாண் வாங்கிட்டு வா" என்று அவர் என்னை அனுப்ப, நான் கடைக்காரரிடம் அப்படியே கேட்டு, ஒரு கடை முழுக்கச் சிரித்திருக்கிறது. அத்தை மட்டும் அவர் சொல்லையே எடுத்துக்கொண்டாள். எங்களுக்கெல்லாம் டீ போடுவாள். அவருக்கு மட்டும் தேத்தண்ணி. பாத்திரம் ஒன்று, தூள் ஒன்று, பெயர்தான் இரண்டு.

மே மாதத்துக்குப் பிறகு அப்பா அவரிடம், "மாப்ள, வெளிய கொஞ்சம் கம்மியா பேசு" என்றார். மாமா, "சரி மச்சான்" என்று சொல்லிவிட்டு அன்று மாலையே டீக்கடையில் ஊர்க்கதை பேசிவிட்டு வந்தார்.

அவருக்கு அப்போது ஒரு வேலை கிடைத்திருந்தது. நெடுஞ்சாலை ஓரமாக ஒரு தொழிற்பயிற்சிக் கூடம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கிழக்கே உள்ள ஒரு நாடு பணம் கொடுத்து உதவியது. மாமா அதற்குக் காவல்காரர். கட்டடம் முடிந்ததும் அவரை அங்கேயே நிரந்தரமாகப் போட்டுவிடுவதாக இன்ஜினீயர் சொல்லியிருந்தார். அத்தை அந்த வார்த்தையைத் தினம் ஒருமுறையாவது சொல்லிப் பார்த்துக்கொள்வாள். நிரந்தரம். அது வந்தால் தனியாக ஒரு வீடு பார்க்கலாம் என்பது அவள் எண்ணம். அம்மாவின் எண்ணமும் அதுதான் என்று நினைக்கிறேன்.

தூண்கள் மட்டும் எழும்பியிருந்த சமயத்தில் அந்த நாட்டுத் தூதரகத்து அதிகாரி பார்க்க வந்தார். எங்கள் பள்ளிப் பிள்ளைகளைச் சாலையோரம் நிறுத்தி ஆளுக்கு இரண்டு காகிதக் கொடி கொடுத்தார்கள். ஒன்று நம்முடையது, மற்றது எங்களுக்குத் தெரியாதது. கொடுத்த கொடிகளைப் போலீஸ்காரர்கள் ஒவ்வொன்றாக வாங்கிக் குச்சியைத் தடவிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்கள். காரிலிருந்து கண்ணாடி போட்ட, சிரித்த முகமான ஒருவர் இறங்கி எங்களுக்கும் குனிந்து வணக்கம் சொன்னார். அவர் ஜப்பான்காரர் இல்லை என்று வாத்தியார் பலமுறை சொல்லியும் அவர் ஊருக்குள் ஜப்பான்காரர்தான்.

மேடையில் அவர் ஒரு சிவப்புத் துணியை விலக்கி ஒரு பரிசை எடுத்தார். மரத்தில் செதுக்கிய ஒரு முகம். கழுத்து வரைக்கும்தான், அதற்குக் கீழே வெறும் கட்டை. கோழிமுட்டைபோல் பிதுங்கிய கண்கள். கத்தரிக்காய் மூக்கு. காது வரை போகிற வாய். நான் பற்களை எண்ணினேன். மேலே ஆறு, கீழே ஐந்து. கீழே ஒன்று வைக்க மறந்துவிட்டார்களோ என்று தோன்றியது. பின்னால் நின்ற ஒருவன் "டேய், ஹெட்மாஸ்டர்" என்றான். பரிசை வாங்கிக்கொண்ட நம் அரசாங்கத்துப் பெரிய அதிகாரி, ஈரத்துணியோடு இருக்கிற அடுத்தவர் குழந்தையைத் தூக்குவதுபோல அதைக் கைநீட்டிப் பிடித்துக்கொண்டு, இது இரண்டு நாடுகளின் நட்புக்கு அடையாளமென்றும், இந்தக் கட்டடத்தின் முன்கூடத்தில் என்றைக்கும் இருக்கும் என்றும் பேசினார். முன்கூடம் இன்னும் கட்டப்படவில்லை. ஆகவே முகம் அதிகாரியிடமிருந்து உதவியாளருக்கும், உதவியாளரிடமிருந்து இன்ஜினீயருக்கும் போய், கடைசியில் தகரக் கொட்டகையில் சிமென்ட் மூட்டைகளின் மேல் போய்ச் சேர்ந்தது.

"பத்திரமா பாத்துக்கோப்பா. இது ரெண்டு கவர்மென்ட் சமாச்சாரம்" என்று இன்ஜினீயர் மாமாவிடம் சொன்னாராம்.

இரவு சாப்பிடும்போது மாமா இதைச் சொல்லிவிட்டு, "நானும் ரெண்டு கவர்மென்ட் சமாச்சாரந்தான். என்னைய எவனும் சிவப்புத் துணியில சுத்தலியே" என்றார். அத்தைக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு. அப்பா சிரிக்காமல் மோரை ஊற்றிக்கொண்டார். எனக்கு அதில் என்ன வேடிக்கை என்று தெரியவில்லை.

ஆடி முடிந்து தளம் போட்டார்கள். வேலையை நடத்தியவர் மணிமங்கலத்து மேஸ்திரி; வாய் ஓயாமல் வெற்றிலையும் பேச்சுமாக இருப்பவர். அன்று பொங்கல் கொடுப்பார்கள் என்பதால் நானும் தங்கையும் போயிருந்தோம். பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். கலவை மெஷின் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. சிமென்ட் மூட்டைக்காகக் கொட்டகை நாள் முழுக்கத் திறந்து கிடந்தது. சாரத்தின் உச்சியில் வழக்கம்போலத் திருஷ்டி பொம்மை தொங்கியது: பழைய பேன்ட் சட்டைக்குள் வைக்கோல், கழுத்தில் ஒற்றைச் செருப்பு, சுண்ணாம்பு பூசிக் கரும்புள்ளி செம்புள்ளி குத்திய முகம். எந்தக் கட்டடத்தில்தான் அது தொங்கவில்லை? ஊரார் கண்ணெல்லாம் தன்மேல் விழவேண்டும் என்பதற்காகவே தொங்கும் பொம்மை அது. நான் பொங்கல் தொன்னையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தளம் இறுகும்வரை வேறு வேலை இல்லை. மேஸ்திரி தன் ஆட்களோடு வந்தவாசிப் பக்கம் வேறு கட்டடத்துக்குப் போய்விட்டார். மாமா மட்டும் தங்கி, தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் மெட்ராஸிலிருந்து தகவல் வந்தது. தளத்துக்கு முட்டுக்கொடுத்த சென்ட்ரிங் பலகைகளைப் பிரிக்கிற அன்று தூதரகத்து அதிகாரி மறுபடி வருகிறார். கொடுத்த பரிசோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்ள ஆசைப்படுகிறார். இன்ஜினீயர் கொட்டகையைத் திறந்து பார்த்தார். சிவப்புத் துணி இருந்தது. முகம் இல்லை.

ஸ்கூட்டரை எங்கள் வாசலில் நிறுத்தும்போதே கத்தினார். "எங்கய்யா அது?"

"எது சார்?" என்றார் மாமா.

"அந்த மூஞ்சி!"

"மூட்டை மேலதான சார் இருந்துச்சு?"

"இருந்துச்சு. இப்ப இல்ல. சாவி ரெண்டு. ஒண்ணு எங்கிட்ட, ஒண்ணு உங்கிட்ட. நான் எடுக்கல."

மாமா, "நானும் எடுக்கல சார்" என்றார். அதோடு விட்டிருக்கலாம். அவர் வாய் சும்மா இருக்காதே. "அதை எடுத்து நான் என்ன செய்ய? என் மூஞ்சியையே வச்சுக் காலந்தள்ள முடியல" என்றார். இன்ஜினீயர் மூக்கு விடைக்கப் போய்விட்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஆளுக்கொரு சந்தேகம். அம்மா, வாலாஜாபாத்தில் பழைய மரச்சாமான் வாங்குகிறவன் ஒருவன் இருப்பதாகவும், அவன் சைக்கிளை நம் தெருவில் பார்த்ததாகவும் சுவரைப் பார்த்துச் சொன்னாள். அத்தை அதே சுவரைப் பார்த்து, "இன்ஜினீயரே மாமனார் வூட்டு ஷோகேஸ்ல வெச்சிகினு, நம்ம மேல போடறான்" என்றாள். இரண்டு பேரும் நேராகப் பேசிக்கொள்வது நின்றது. நான் எல்லோரையும் சந்தேகப்பட்டேன். அந்த முகத்தைப் பார்த்து ஹெட்மாஸ்டர் என்று சொன்னவனைக்கூட ஒரு நாள் பின்தொடர்ந்து போனேன். மாமாவையும்தான், அவர் தூங்கும்போது தலையணைக்கடியில் கண்ணை ஓட்டியிருக்கிறேன்.

அப்பா தேடத் தொடங்கினார். அடுப்படி விறகை ஒவ்வொன்றாகப் புரட்டினார். கோழிக் கூண்டுக்குள் கைவிட்டார். ஒரு மாலை, மாமா வாசற்படியில் உட்கார்ந்திருக்க, உள்ளே அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தார். துருப்பிடித்த மூடி ஊர் கேட்கும்படி கிறீச்சிட்டது. மாமா திரும்பிப் பார்க்கவில்லை.

"அடியில வெள்ளச் சட்டை கிடக்கும் மச்சான். கசக்கிப்புடாதீங்க. பொங்கலுக்கு வேணும்" என்றார் தெருவைப் பார்த்தபடி.

அப்பா மூடியை மெதுவாகச் சாத்தினார்.

சில நாளில் போலீஸ் ஜீப் வந்தது. வெளிநாட்டுப் பரிசு காணாமல் போனது, அதுவும் எங்கள் ஊரில், அதுவும் அந்த வருஷத்தில். அந்தக் கட்டைக்குள் என்ன இருந்ததோ என்றுகூட யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டரோடு வந்தவர் முன்பு கணக்கெடுத்த அதே கான்ஸ்டபிள். எங்களை வரிசையாக நிறுத்தி விரலை நீட்டி எண்ணினார். எண்ணி முடித்ததும் அவர் முகம் மாறியது.

"யோவ் கண்டக்டரே. அன்னிக்கி அஞ்சு பேர்னுதான சொன்ன? ஆறு கீது. இந்த ஆறாவது ஆளு யாரு?"

"தங்கச்சி வூட்டுக்காரர் சார்."

"அன்னிக்கி இன்னாத்துக்கு சொல்லல?"

எந்தச் சோதனை அதிகாரி ஏறினாலும் பையைத் திறந்து காட்டிவிட்டு நிமிர்ந்து நிற்கிற அப்பா, காலால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றார். இன்ஸ்பெக்டர் மாமாவைப் பார்த்து, "எந்த ஊரு?" என்றார். மாமா சொன்னார். அதற்கப்புறம் மரமுகத்தைப் பற்றி யாரும் எதுவும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. மாமாவை ஏற்றிக்கொண்டு ஜீப் கிளம்பும்போது அத்தை அதன் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தாள்.

மறுநாள் அப்பா சாப்பாட்டுத் தூக்கோடு ஸ்டேஷனுக்குப் போனபோது என்னையும் கூட்டிப்போனார். பிள்ளை கூட இருந்தால் அதட்டமாட்டார்கள் என்று நினைத்திருக்கலாம். எங்களை வெளியே வேப்பமரத்தடியில் நிற்கச் சொன்னார்கள். ஜன்னல் வழியாகக் குரல் கேட்டது.

"கப்பல்ல உன்கூட வந்தவன்லாம் இப்ப எங்க கீறான்?"

"தெரியாதுங்க. ஆளுக்கொரு பக்கம் போயிட்டாங்க."

"அங்க யார் யாரு சொந்தம்?"

"அக்கா ஒருத்தி. தோட்டத்துல."

"கடுதாசி போடுவியா?"

"அவளுக்குப் படிக்கத் தெரியாதுங்க."

"மே மாசம் எங்க இருந்த?"

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முதலிலிருந்து. எந்த ஊரு, எந்தத் தோட்டம், எந்தக் கப்பல். எனக்கு அந்த இன்ஸ்பெக்டரின் திறமைமேல் பெரிய சந்தேகம் வந்துவிட்டது. களவு போனது ஒரு மரமுகம். அதைக் கடைசியாக யார் பார்த்தது, கொட்டகையை யார் திறந்தது, இதையெல்லாம் கேட்கவேண்டாமா? திரும்பும் வழியில் அப்பாவிடம், "அவருக்குக் கேள்வியே கேக்கத் தெரியலப்பா" என்றேன். அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார், ஏறவேயில்லை.

மாமா இல்லாத நாட்களில் தளத்துக்குத் தண்ணீர் விட அத்தை போனாள். தண்ணீர் நின்றால் தளம் வெடிக்கும், தளம் வெடித்தால் அதுவும் மாமா தலையில் விழும், நிரந்தரம் போய்விடும். அம்மா இன்னொரு குடத்தை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனாள். அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. சாரத்துப் பொம்மையின் சட்டை சாயம் போய், வைக்கோல் கறுத்து, ஒரு கால் கழன்று விழுந்தது.

தூதரகத்து அதிகாரி வருகிற நாளும் வந்தது. மறுபடி கொடிகள், மறுபடி குச்சித் தடவல். எங்கள் பெரிய அதிகாரி வெளுத்துப்போய் நின்றார். பரிசை மெருகு போட மெட்ராஸுக்கு அனுப்பியிருக்கிறது என்று சொல்வதாக ஏற்பாடு. சென்ட்ரிங் பிரிக்க வந்த மேஸ்திரி அன்று காலைதான் வந்தவாசியிலிருந்து இறங்கி, வெற்றிலை வாயோடு ஓரமாக நின்றார்.

காரிலிருந்து இறங்கியவர் எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். பெரிய அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, "பரிசு..." என்று தொடங்கினார். வந்தவர் அவரைப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கி மேலே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்களும் பார்த்தோம். மழையில் சுண்ணாம்பு வழிந்துபோய், புள்ளிகள் கரைந்து, கத்தரிக்காய் மூக்கும் பிதுங்கிய கண்களும் பளிச்சென்று தெரிந்தன. நான் எண்ணினேன். மேலே ஆறு, கீழே ஐந்து. என் காகிதக் கொடி இரண்டும் கையிலிருந்து நழுவின.

சாரத்தின் உச்சியில், கிழிந்த பேன்ட்டும் ஒற்றைச் செருப்புமாக, இரண்டு நாடுகளின் நட்பு காற்றில் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.

மேஸ்திரி முன்னால் வந்து பெருமையாகச் சொன்னார்: "நான்தான் சார் கட்னேன். எப்பவும் சட்டில மூஞ்சி வரைவோம். இந்தத் தபா கட்டடத்துக்குத் திஷ்டி பொம்மை அவங்களே குட்தாங்களேன்னு, சட்டி செலவு மிச்சம்னு மாட்டிட்டேன். இன்னா சார், சரியாத்தான கீது?"

இன்ஜினீயர் கண்ணை மூடிக்கொண்டார். வந்தவர் மொழிபெயர்க்கத் தன்னோடு வந்திருந்த மெட்ராஸ் அம்மாளிடம் ஏதோ கேட்டார். அந்த அம்மாள் திக்கித் திக்கிப் பதில் சொன்னார். வந்தவர் ஒரு கணம் மேஸ்திரியையே பார்த்தார். பிறகு உரக்கச் சிரித்துக் கைதட்டினார். அந்த அம்மாள் எங்கள் பக்கம் திரும்பி, "அவங்க நாட்லயும் இதை ஊர் எல்லையிலதான் நட்டு வெப்பாங்களாம். வெளியிலேருந்து கெட்டது எதுவும் ஊருக்குள்ள வராம இருக்கறதுக்காம். இங்கயும் அப்படியே வெச்சிருக்கறது ரொம்ப சந்தோஷம்னு சொல்றாங்க" என்றார்.

பெரிய அதிகாரிக்கு உயிர் வந்துவிட்டது. "அதற்காகத்தான் பிரத்தியேகமாக அங்கே வைத்தோம்" என்றார். மேஸ்திரியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

தண்ணீர்க் குடத்தோடு ஓரமாக நின்ற அத்தை அப்போதுதான் முன்னால் வந்தாள். "அதான் பொம்மை கெடைச்சிச்சே, எங்க வூட்டுக்காரரை வுடச் சொல்லுங்க சார்" என்றாள். அவள் குரல் போட்டோக்காரரின் சத்தத்தைத் தாண்டிக் கேட்டது. வந்தவர், என்ன சொல்கிறாள் என்பதுபோலத் திரும்பினார். "வேலை செய்கிற பெண், வாழ்த்துச் சொல்கிறாள்" என்றார் பெரிய அதிகாரி. வந்தவர் அத்தைக்கும் குனிந்து வணக்கம் சொன்னார். அத்தைக்குக் கையெடுத்துக் கும்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

கூட்டத்தில் நின்ற அப்பாவும் அத்தையும் அங்கிருந்தே ஸ்டேஷனுக்குப் போனார்கள். நானும் பின்னால் ஓடினேன். அப்பா முகத்தில் அத்தனை நாளில் முதல்முறையாக வெளிச்சம் இருந்தது.

"பொம்மை ஆப்டுச்சி சார்" என்றார்.

"தெரியும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அப்ப அவரை..."

"அது வேற, இது வேற. பொம்மை ஆப்டா ஆளை வுட்ரணுமா? வூட்ல எத்தினி பேர்னு கேட்டதுக்கு நீயே ஒரு ஆளை மறைச்சவன். உன் பேச்சை நான் எப்டிய்யா நம்பறது?"

அப்பா மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "எங்க வூட்ல ஆறு பேர் சார்" என்றார். பிறகு, யாரும் கேட்காமலே, விரலை மடக்கி ஒவ்வொருவராகச் சொன்னார். மாமாவை முதலில் சொன்னார். இன்ஸ்பெக்டர் வேறொரு வேலையைப் பார்க்கத் தொடங்கினார்.

அப்பா அதற்கப்புறம் வேலை முடிந்த ஒவ்வொரு நாளும், சில நாள் வேலைக்கே போகாமலும், அந்த வேப்பமரத்தடியில் நின்றார். ஊரில் நாலு பெரிய மனிதர்களைக் கூட்டிப்போய்ச் சொல்ல வைத்தார். ஐப்பசி மழை தொடங்கிய பிறகு ஒரு பிற்பகல் மாமா நடந்தே வீட்டுக்கு வந்து சேர்ந்தார். தாடி வளர்ந்திருந்தது. செருப்பு இல்லை. வாசலில் கால் கழுவிக்கொண்டு, எப்போதும் உட்காரும் படியில் உட்காராமல், உள்ளே போய்ச் சுவரோரம் உட்கார்ந்தார். காவல் வேலைக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டதாக இன்ஜினீயர் முன்பே சொல்லியனுப்பியிருந்தார். மரமுகத்துக்குப் பிற்பாடு கண்ணாடிப் பெட்டி செய்து, பூட்டுப் போட்டு, முன்கூடத்தில் வைத்தார்கள்.

அத்தை அழவில்லை. அடுப்பை மூட்டித் தண்ணீர் வைத்தாள். "தேத்தண்ணி தரட்டா?" என்று எப்போதும்போலக் கேட்டாள்.

மாமா திறந்திருந்த கதவைப் பார்த்தார். தெருவில் யாரும் இல்லை.

"டீன்னு சொல்லு புள்ள" என்றார்.

அத்தையின் கை தூள் டப்பாமேல் நின்றது. அப்பா எழுந்து கொல்லைப் பக்கம் போனார். எனக்கு ஒரே சந்தோஷம். இத்தனை வருஷம் சிரித்துக் கேலி செய்தும் வராத எங்கள் ஊர்ப் பேச்சு மாமாவுக்குக் கடைசியில் வந்துவிட்டதே என்று நினைத்தேன். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லவேண்டும் என்றுகூடத் தீர்மானித்தேன். அத்தை டீயை ஊற்றி வைத்தாள். நான் டம்ளர்களை எண்ணினேன். ஆறு. கணக்கு சரியாகிவிட்டது என்று என்னுடையதை எடுத்துக் குடித்தேன்.